இரவல் மிதவை

டொரோவா படகுத்துறையில் இருப்பது ஒரே ஒரு சாப்பாட்டுக் கடை. மதியம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் அங்கே உட்கார இடம் கிடைக்காது. நான் அந்த ஊருக்கு வேலைக்குப் போன முதல் வாரம், வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வைத்த காகிதப் பொட்டலத்தோடு நின்று சுற்றிலும் பார்த்தேன். எல்லா மேஜையும் நிறைந்திருந்தது. ஜன்னலோரத்தில் மட்டும் நரைமுடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மாள் தனியாக உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி மூன்று நாற்காலிகள் காலி.

"உக்காரலாமா?" என்று கேட்டேன்.

"ஊருக்குப் புதுசா?"

"ஆமா. ரேடியோ ரிப்பேர் கடையில சேந்திருக்கேன். எலெக்ட்ரானிக்ஸ் படிச்சிருக்கேன்." கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்த வயதில் யார் எதைக் கேட்டாலும் பேச்சைப் படிப்பில் கொண்டுபோய்த்தான் நிறுத்துவேன்.

"புதுசாத்தான் இருக்கணும். இல்லன்னா இங்க வரமாட்ட. உக்காரு, மீன் ஆறிரும். நாளைக்கு யாராவது உனக்கு விவரம் சொல்லுவாங்க. அதுக்கப்புறமும் வரணும்னு தோணுனா வா."

விவரம் சொல்ல ஆள் வர நாளை வரைக்கும்கூட ஆகவில்லை. கடைக்குத் திரும்பியதுமே முதலாளி சிரித்தார். "ரேவின் கூடவா சாப்புட்ட? பாத்துப்பா, உன் தட்டையும் பரிசோதனை பண்ணி முத்திரை குத்தி விட்டுரும் அந்தம்மா."

மறுநாளும் போனேன். அதன் பிறகு வருஷக்கணக்கில் போனேன். ரேவின் ஹால்டேன் அங்கே சொன்னதும், அவரோடு உட்கார மறுத்தவர்கள் வேறு மேஜைகளில் சொன்னதும் சேர்ந்ததுதான் இது.

*

நியூசிலாந்தின் வடக்குக் கரையில் மே மாதம் என்றால் கல்யாண முகூர்த்த நாள் மாதிரிப் பரபரப்பு. இங்கே குளிர் இறங்கத் தொடங்கும். மேலே டோங்கா, ஃபிஜி பக்கம் புயற்காலம் முடிந்திருக்கும். பாய்மரப் படகு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கால் பரபரக்கும். ஆனால் நியூசிலாந்துக் கொடி பறக்கும் படகு நாட்டைவிட்டு வெளியே போக வேண்டுமானால், ஒரு பரிசோதகர் வந்து பார்த்து, தாங்கும் என்று கையெழுத்துப் போட வேண்டும். டொரோவாவுக்கு அந்தக் கையெழுத்து ரேவினுடையது.

அவரும் கணவர் ராஸும் வாலிபத்திலிருந்து அந்தத் தீவுகளுக்குப் போய் வந்தவர்கள். ராஸ் புற்றுநோயில் போன பிறகு ரேவின் படகை விற்றுவிட்டு இந்த வேலையை எடுத்துக்கொண்டார். எடுத்த நாளிலிருந்து வசவுக்குப் பஞ்சமில்லை. படகுக்குள் இருப்பதை எல்லாம் துறைமேடையில் கொண்டுவந்து பரப்பச் சொல்வார். புயலில் கட்டும் குட்டிப் பாயை எடுத்துக் காட்டினால் போதாது. அங்கேயே ஏற்றிக் காட்ட வேண்டும். படகின் அடியில் தண்ணீர் வந்துபோகத் துளை எங்கெங்கே உண்டோ, அங்கங்கே ஒரு மர ஆப்பு கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும். குழாய் உடைந்தால் அடைக்க. ஆப்பு டிராயரில் இருக்கிறது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"தண்ணி இடுப்பு வரைக்கும் வந்தப்புறம் டிராயரைத் தேடுவியா?"

"இது என் படகு, ரேவின். போறது என் உயிரு. கடலுக்குப் போறவன் அவனவனுக்கு அவனவன்தான் பொறுப்பு. இதுல நீ யாரு?"

"உன் உயிரு உன்னோடதுதான், யாரு வேணாம்னா? நீ உதவிக்குக் கூப்புட்டா மழையில விமானத்துல பறந்து வருவானே ஒருத்தன், அவன் உயிரு யாரோடது?"

முணுமுணுத்துக்கொண்டே ஆப்பைக் கட்டுவார்கள். போய்த் திரும்பி வந்ததும் தீவிலிருந்து ஓர் ஓலைக் கூடையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வீடு முழுக்கக் கூடை. அந்தக் கூடைகளைப் பார்த்துத்தான் ஊர் தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று ரேவின் நம்பிக்கொண்டிருந்தார்.

நெவில் ஸ்ட்ராங்கிடம் அந்த முணுமுணுப்புக்கூட இருந்ததில்லை. ஊரில் அவர் பெயர் நெவ். ராஸின் கூட்டாளி. மூவரும் ஒரே படகில் எத்தனையோ முறை டோங்கா போனவர்கள். ராஸுக்கு முடியாமல் போனபோது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் வண்டி ஓட்டியது நெவ். ராஸின் சாம்பலைக் கரைக்க வெளிக்கடலுக்கு அழைத்துப் போனதும் அவரே. ரேவின் ஜாடியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். நெவ் குனிந்து, அலையோடு அலையாக, சத்தமில்லாமல் ஊற்றினார். அப்படி ஊற்ற எல்லோருக்கும் வராது என்று ரேவின் இன்னமும் சொல்கிறார். கோபத்திலும் அதை மட்டும் அவர் குறைத்துச் சொன்னதில்லை.

நான் ஊருக்கு வரும் முன் ஒரு மே மாதம் நெவ் தன் 'ஃபேன்டெய்ல்' படகில் டோங்கா கிளம்பினார். பரிசோதனைக்கு ரேவின் வந்தபோது துறைமேடையில் எல்லாம் ஏற்கெனவே வரிசையாகப் பரப்பியிருந்தது. கூடவே டீயும் சூடாக ஸ்கோன் ரொட்டியும்.

"லஞ்சமா?"

"பின்ன? வெண்ணெய் ரெண்டு பங்கு தடவியிருக்கேன். டீ கப்புக்கு ஒரு மர ஆப்பு கட்டணுமா, சொல்லிரு, கட்டிர்றேன்."

ரேவின் சிரித்துவிட்டார். சிரித்தாலும் வேலையை விடவில்லை. குட்டிப் பாயை ஏற்ற வைத்தார். துளைகளை எண்ணினார். கடைசியாக மேல்தளத்துக்கு வந்தார். பாய்மரத்துக்குப் பின்னால் கூரை மேல், இரண்டு கட்டைகளுக்கு நடுவில், வளையங்களில் பட்டை போட்டு இறுக்கிய வெள்ளைப் பெட்டி. உள்ளே மடித்து வைத்த ரப்பர் மிதவை; ராஃப்ட் என்பார்கள். கயிற்றை இழுத்தால் ஊதிக்கொண்டு ஆரஞ்சு நிறக் கூடாரம் போல விரியும். படகு மூழ்கினால் அதற்குப் பிறகு வீடும் தரையும் அதுதான். சோதித்துக் கட்டிய தேதிச் சீட்டு புதிது. பட்டையை இழுத்துப் பார்த்தார். உறுதியாக இருந்தது.

"பழைய ராஃப்ட்டைக் கழிச்சுக் கட்டிட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே. இது யாரோடது?"

"என் படகு மேல இருக்கு, யாரோடதுங்கிற. என்னோடதுதான்."

வேறு ஆளாக இருந்தால் வாங்கிய ரசீதைக் காட்டு என்று கேட்டிருப்பார். ரேவின் கையெழுத்துப் போட்டார்.

இறங்கி வரும்போது துறைமேடையில் முதுகுப்பையோடு ஒரு பெண் நின்றாள். பெயர் ஃப்ராவ்கா. ஜெர்மனிக்காரி, ஊர் சுற்ற வந்தவள், இருபத்தைந்துக்குள் இருக்கும். படகில் உதவிக்கு ஆள் தேவை என்று நெவ் கடைச் சுவரில் ஒட்டிய சீட்டைப் பார்த்துச் சேர்ந்தவள். ஏரியில் துடுப்புப் போட்டதைத் தவிர தண்ணீர்ப் பழக்கம் இல்லை.

"நீங்கதான் படகைப் பாக்குறவங்களா?" என்று கேட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்ககிட்ட கேட்டுக்கலாமேன்னு நின்னேன். இதுல நான் போகலாமா?"

"படகை மூலை முடுக்கெல்லாம் பாத்துட்டேன்மா. தைரியமா போ."

"அவர் எப்படி?"

ரேவின் திரும்பி நெவ்வைப் பார்த்தார். அவர் தளத்தில் நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "என் புருஷனோட சாம்பலை நான் அந்தக் கையிலதான் குடுத்தேன்" என்றார்.

ஃப்ராவ்கா முதுகுப்பையைத் தூக்கிப் படகுக்குள் போட்டாள்.

கிளம்பிய காலையில் ரேவின் வழியனுப்பப் போனார். நெவ் ராஸின் பழைய கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு சுக்கானைப் பிடித்திருந்தார். ஃப்ராவ்கா கூரை மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து கையசைத்தாள். ரேவினுக்குத் தொப்பியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. படகு நிலமுனையைச் சுற்றி மறையும் வரை கையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

*

டோங்காவுக்குப் பாதி வழியில் காற்று எதிர்பாராத பக்கம் திரும்பியது. ஒரு விடியற்காலையில் ஃபேன்டெய்லின் அபாயக் கருவியிலிருந்து சிக்னல் வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றும் போனது. காலை ரேவின் அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தபோது மீட்பு மையத்திலிருந்து போன் வந்தது.

"படகைக் கடைசியா பரிசோதனை பண்ணது நீங்கதானேங்க? அதுல ராஃப்ட் உண்டா?"

"உண்டு. கூரை மேல. வெள்ளைப் பெட்டி, ஆரஞ்சு கூடாரம்."

"நிச்சயமா?"

"நான் கையால பிடிச்சு இழுத்துப் பாத்தேன். நிச்சயம்."

அந்தப் பதிலை வைத்துத்தான் அவர்கள் கணக்குப் போட்டார்கள். தண்ணீர் நிறைந்து கவிழ்ந்த படகு, கடல் நீரோட்டத்தோடு கனமாக, மெதுவாகப் போகும். மிதவை அப்படி இல்லை; பஞ்சு மாதிரி காற்று தள்ளிய பக்கம் ஓடும். சிக்னல் நின்ற இடத்திலிருந்து நேரம் ஆக ஆக இரண்டும் வெகு தூரம் விலகிவிடும். விமானம் மிதவை போயிருக்க வேண்டிய பக்கம் போனது. பகல் முழுக்க அந்தப் பக்கத்தைச் சலித்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

ரேவினின் வீட்டுக்கு ஊர் வந்தது. ஆளாளுக்கு ஏதாவது கொண்டுவந்தார்கள். "நெவ் கெட்டிக்காரன், ராஃப்ட்டுக்குள்ள உக்காந்து பழைய கதை சொல்லிட்டிருப்பான்" என்று ரேவின்தான் மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னார். அவர் 'ராஃப்ட்' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அறையில் யாராவது ஒருவர் டீக்குச் சர்க்கரை எடுக்க எழுந்து போனார். அது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் ராவிரி வந்தான். நாட்டின் பூர்வகுடியான மாவோரி இனத்துப் பையன், முப்பது வயது, மூன்று பிள்ளைக்குத் தகப்பன். மீன் பிடிக்க ஆசைப்படும் சுற்றுலாக்காரர்களைத் தன் நீலப் படகில் ஏற்றிப் போவதுதான் பிழைப்பு. வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாடா, ஏன் அங்கயே நிக்கிற?"

"ஆன்ட்டி, அவங்க எந்தப் பக்கம் தேடுறாங்க?"

"ராஃப்ட் போற பக்கம்."

"ராஃப்ட் இல்ல ஆன்ட்டி."

"என்ன இல்ல?"

"அது என்னோடது. என் படகுல இருக்கு. நீங்க வந்து பாக்குற அன்னைக்கு மட்டும் வேணும்னு நெவ் கேட்டாரு. அவரோட புதுசு வந்துட்டிருக்கு, கிளம்புறதுக்குள்ள வந்துரும்னாரு. நான் குடுத்தேன். கிளம்புற முந்துன நாள் திருப்பிக் கொண்டாந்து வச்சுட்டாரு. உங்களோடது வந்துருச்சான்னு கேட்டேன். 'ராஃப்ட்டு இல்லாமத்தான்டா நாங்க இந்தக் கடலையெல்லாம் தாண்டுனோம், கூரை மேல எதுக்கு வெட்டிப் பாரம்'னு சிரிச்சாரு."

"நீ என்கிட்ட சொல்லலையே."

"பெரியவரு ஆன்ட்டி. நான் போயி எப்படி..."

ரேவின் அவனைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. போனை எடுத்தார். மறுமுனையில் காலையில் பேசிய அதே ஆள்.

"ராஃப்ட் கிடையாது. அவங்க படகு மேலதான் இருப்பாங்க. படகு மிதந்துட்டிருந்தா."

"காலையில நிச்சயம்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"இப்ப?"

"இப்ப நிச்சயம்."

இனி விடிந்துதான் தேட முடியும் என்றார் அவர். ஒரு பகல் முழுக்கத் தேடியது ரேவினின் வார்த்தையை நம்பி. அந்தப் பகல் வீணாய்ப் போய்விட்டது. ரேவின் போனை வைத்தபோது அறையில் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ராவிரிக்கு மட்டும் தெரிந்த விஷயம் இல்லை இது.

மறுநாள் காலை விமானம் கவிழ்ந்து கிடந்த படகைக் கண்டது. அதன் முதுகில் இருவர். அந்த வழியாகப் போன சரக்குக் கப்பல் ஒன்று திரும்பி வந்து சாயங்காலம் ஏற்றிக்கொண்டது. நெவ்வுக்கு விலா எலும்பு இரண்டில் விரிசல் விட்டிருந்தது. ஃப்ராவ்காவின் இடது கால் பாய்க் கட்டைக்கு அடியில் சிக்கி நசுங்கி, உப்புத் தண்ணீரிலேயே கிடந்து விஷம் ஏறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக ரேவினின் காதுக்கு வந்தது.

அவர் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போனார். ஃப்ராவ்கா மயக்க மருந்தில் இருந்தாள். நெவ் வேறு வார்டில் இருந்தார். நர்ஸிடம் சொல்லி, தூங்குவதாகச் சொல்ல வைத்தார். அதன் பிறகு போனையும் எடுக்கவில்லை. ரேவின் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நெவ்வே வந்து, தன் வாயால், அந்தப் பெண்ணிடம் முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்தார். அந்த அளவுக்காவது அந்த மனிதனைத் தனக்குத் தெரியும் என்று நினைத்தார்.

*

பேப்பரில் நெவ்வின் படம் வந்தது. கவிழ்ந்த படகில் ஓர் இளம்பெண்ணை இரண்டு நாள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த மனிதர். அதில் பொய் ஒன்றுமில்லை. பிடித்துக்கொண்டுதான் இருந்தார். தன் சட்டையைக் கழற்றி அவள் காலைக் கட்டியிருக்கிறார். அவள் தூங்கிவிடாமல் இருக்க, தெரிந்த பாட்டையெல்லாம் பாடியிருக்கிறார்.

ஃப்ராவ்கா ஜெர்மனிக்குத் திரும்பும் முன், படகுக்காரர்களின் கிளப்பில் ஒரு ஞாயிறு மதியம் விருந்து வைத்தார்கள். வெளியே அடுப்பில் சாஸேஜ் வெந்துகொண்டிருந்தது. உள்ளே பீர். ஃப்ராவ்கா சக்கர நாற்காலியில், மடியில் போர்வையோடு நடுவில் இருந்தாள். ரேவின் ஸ்கோன் தட்டோடு உள்ளே நுழைந்தபோது நெவ் கதையின் உச்சத்தில் இருந்தார். கைகளால் அலையை உயர்த்திக் காட்டினார்.

"வீடு உசரத்துக்கு வந்துச்சு. படகைப் பொரட்டிப் போட்டுச்சு. நான் வெளிய வந்து பாக்குறேன், ராஃப்ட்டைக் காணோம்! பட்டையோட பிச்சுக்கிட்டுப் போயிருச்சு."

"பட்டை அறுந்துருச்சா?" என்று ஃப்ராவ்காதான் கேட்டாள். அவளுக்கே இது முதல் தடவை கேட்கிற செய்தி போல இருந்தது.

"அறுந்துருச்சும்மா. இத்துப்போன பட்டை. பாக்க வேண்டியவங்க பாத்தாங்க, கையெழுத்துப் போட்டாங்க. யாரைக் குத்தம் சொல்ல? வயசாகுதுல்ல, கண்ணு முன்ன மாதிரி இருக்குமா?"

பின்னால் நின்ற ஒருவர் இருமினார். அந்தக் கூடத்தில் அதை நம்பியவள் ஃப்ராவ்கா ஒருத்திதான். மற்ற அத்தனை பேரும் பொய் என்று தெரிந்தும் பீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெவ் அப்போதுதான் ரேவினைக் கண்டார். எழுந்து பக்கத்தில் வந்து தோளில் கை போட்டார். வாய் சிரித்தபடியே இருக்க, குரலைத் தாழ்த்தினார்.

"விடு ரேவின். உனக்குப் போனா ஒரு கையெழுத்து. எனக்குப் போனா பேரே போச்சு. யாரும் சாகலையே."

"கைய எடு, நெவ்."

"ராஸ் இருந்தா புரிஞ்சுக்குவான்."

"ராஸ் பேரை நீ எடுக்காத."

இது எல்லோருக்கும் கேட்கும்படியாகவே வந்துவிட்டது. ரேவின் தட்டை மேஜையில் வைத்தார். ராவிரி கதவோரம் நின்றான்.

"ராவிரி, நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

ராவிரி தன் பூட்ஸைப் பார்த்தான். அவன் மனைவி அவன் கையைப் பிடித்தாள்.

ரேவின் சக்கர நாற்காலியைக் கண்ணாடிக் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "அதோ அந்த நீலப் படகு தெரியுதா? கூரை மேல வெள்ளைப் பெட்டி. அதுதான்மா நான் பாத்துக் கையெழுத்துப் போட்ட ராஃப்ட். பட்டையும் அறுகல, ஒண்ணும் அறுகல. நான் பாக்குறதுக்குன்னு இரவல் வாங்கி வச்சாரு. நீ கிளம்புறதுக்கு முந்துன நாளே அது இறங்கிருச்சு."

ஃப்ராவ்கா நெடுநேரம் வெளியே பார்த்தாள். பிறகு நெவ்வைப் பார்த்துத் திரும்பினாள்.

"நெஜமா?"

"ரெண்டு நாள் உன் கையை விடாம பிடிச்சுட்டிருந்தது யாரு, சொல்லு?"

"நீதான்" என்றாள். "ராஃப்ட் இருந்திருந்தா நீ பிடிச்சிருக்கவே வேண்டாம்."

நெவ் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் பின்னால் நாலைந்து பேர் போனார்கள். போகிற போக்கில் ஒருவர் ரேவினின் காதருகே, "வெளியூர்ப் பொண்ணு முன்னாடி நம்ம ஆளை இப்படியா நிறுத்துவ?" என்றார்.

ரேவின் ஃப்ராவ்காவின் முகத்தைப் பார்த்தார். தன் வார்த்தையை நம்பிப் போனவள். இப்போதாவது தன்னை நம்புவாளா என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இத்தனையும்.

ஃப்ராவ்கா போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "கூரை மேல அந்த இடம் காலியாத்தான் இருந்துச்சு" என்றாள். "ரெண்டு கட்டை, நாலு வளையம். உக்கார்றதுக்குன்னு செஞ்சதுன்னு நெனச்சேன். அங்க உக்காந்துதான் தெனமும் டீ குடிப்பேன். எனக்குத் தெரியாது. தெரியாம கடலுக்குப் போனது என் தப்பு, அதை நான் யார் தலையிலயும் போடல. ஆனா அங்க என்ன இருக்கணும்னு உங்களுக்குத் தெரியும். கிளம்புன அன்னைக்கு நீங்க துறைமேடையில நின்னீங்க. நான் அது மேலதான் உக்காந்து உங்களுக்குக் கை ஆட்டுனேன்."

ஃப்ராவ்கா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்க என்னைப் பாத்தீங்களா?"

"இல்லம்மா" என்றார் ரேவின். "நான் தொப்பியப் பாத்துட்டிருந்தேன்."

ஃப்ராவ்கா தலையை மெல்ல ஆட்டினாள். கோபம் இல்லை, அணைப்பும் இல்லை. "நீங்க பொய் சொல்லலைன்னு நம்புறேன்" என்றாள். "என்னைக் கொஞ்சம் வெளிய தள்ளிட்டுப் போறீங்களா? இங்க மூச்சு முட்டுது."

*

விசாரணை வந்தது. சத்தியம் வாங்கிக் கேட்டபோது ராவிரி உள்ளதைச் சொன்னான். அவன் சொல்லத் தொடங்கியதும் மற்றதும் வெளியே வந்தது. ஒருவரின் புயற்பாய் இன்னொருவர் படகில் ஏறி இறங்கியிருந்தது. ஆபத்தில் கொளுத்திக் காட்டும் ஒருவரின் தீக்குழல் மூன்று படகு சுற்றியிருந்தது. ரேவின் இந்தத் துறைமேடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அடுத்த மேடையில் பொருள்கள் கைமாறிக்கொண்டிருந்தன. அவர்கள் கணக்கில் அது ஏமாற்று இல்லை. கேட்டவனுக்கு இல்லையென்று சொல்லாமல் கொடுப்பது, ஒருத்தனுக்கு ஒருத்தன். அந்த ஒருத்தனுக்கு ஒருத்தனில் ரேவின் மட்டும் இல்லை என்பதை யாரும் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"ஒருத்தனாவது கெட்டவனா இருந்தா பரவால்லப்பா" என்று ஒருநாள் சூப்பைக் கிண்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். "எல்லாரும் நல்லவனுங்க. எனக்கு உடம்பு சரியில்லன்னா இன்னைக்கும் வந்து விறகு வெட்டிப் போட்டுட்டுப் போவானுங்க. பேச மாட்டானுங்க, ஆனா வெட்டுவானுங்க. என்கிட்ட உண்மையச் சொல்றத விட எனக்கு விறகு வெட்டுறது சுலபம் அவனுங்களுக்கு."

வீட்டிலிருந்த கூடைகளை என்ன செய்தார் என்று கேட்டேன். எந்தெந்தக் கூடை எந்தப் பயணத்துக்கு வந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாராம். எது உண்மையான பரிசோதனைக்குப் பின் வந்தது, எது இரவலுக்குப் பின் வந்தது என்று பிரிக்க முடியவில்லை. மொத்தத்தையும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் பென்சில் போட வைத்திருக்கிறார்கள்.

வேலையை விட்டுவிடுவார் என்று ஊர் எதிர்பார்த்தது. விடவில்லை. கையெழுத்துப் போடும் நாளோடு நிற்காமல், ஒவ்வொரு படகும் கிளம்பும் காலையிலும் துறைமேடைக்கு வந்தார். வழியனுப்ப இல்லை. கூரை மேல் ஏறிப் பட்டையை இழுத்துப் பார்க்க. சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது என்று சண்டை போட்டார்கள். "சட்டத்துல இல்ல. என்னை ஏற விடலன்னா என் கையெழுத்தைத் திருப்பிக் குடு" என்றார். பொண்டாட்டி பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்க, சாப்பாட்டு மூட்டையெல்லாம் ஏற்றிய பிறகு, கேப்டனை நிற்க வைத்து ஒரு கிழவி கூரையில் ஏறுவது அவமானமாக இருந்தது அவர்களுக்கு. அந்த அவமானத்தைத்தான் இன்றுவரை மன்னிக்கவில்லை. விசாரணையைக்கூட மறந்துவிட்டார்கள்.

ராவிரி ஒருநாள் எங்கள் மேஜைப் பக்கம் வந்து, தொப்பியைக் கழற்றி, "ஆன்ட்டி" என்றான். "சொல்லு" என்றார். தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டான். பிறகு தன் மேஜைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் படகில் வரும் சுற்றுலாக்காரர்களுக்கு, மிதவை எங்கே இருக்கிறது, கயிற்றை எப்படி இழுப்பது என்று முதலில் காட்டிவிட்டுத்தான் படகை அவிழ்க்கிறான்.

நெவ்வைப் பார்த்தீர்களா என்று நான் கேட்டதில்லை. அவராகவே ஒருமுறை சொன்னார். கடையில், ரொட்டி அடுக்கிய வரிசையில் எதிரெதிரே நின்றுவிட்டார்களாம். நெவ், "எப்படி இருக்க ரேவின்?" என்றாராம். இவர், "நல்லா இருக்கேன்" என்றாராம். "ராஸ் செத்தப்போகூட எனக்குச் சாஞ்சு அழ ஒரு ஆள் பக்கத்துல இருந்தான். இதுக்கு அழ ஆள் இல்ல, அந்த ஆளே போயிட்டான்" என்று சொல்லிவிட்டுச் சூப் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "இதுல உப்பு கம்மி. நீ சாப்புடு."

ஃப்ராவ்கா இப்போது ஹாம்பர்க் பக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருக்கிறாள். செயற்கைக் காலில் நடக்கிறாள். வருஷத்துக்கு ஒரு கார்டு ரேவினுக்கு வரும். நெவில் ஸ்ட்ராங் தெற்குத் தீவில் மகள் வீட்டில் இருக்கிறார்; படகு வைத்துக்கொள்ளவில்லை. ரேவின் ஹால்டேன் டொரோவாவிலேயே, குன்றின் மேலிருக்கும் அதே வீட்டில் வாழ்கிறார். முழங்கால் வலியால் ஏணி ஏறச் சிரமப்படுகிறார். மே மாதம் வந்தால் காலையில் படகுத்துறையில் இருப்பார்.